30 சென்டிமீட்டர் ஓர் அடி ஆகாது

பெங்களூருவில் டைல்ஸ் கடைக்குப் போய் ‘இரண்டுக்கு இரண்டு’ என்று கேட்டால், எடுத்துக் காட்டுவது 600 மி.மீ. நீளமும் 600 மி.மீ. அகலமும் கொண்ட கல்லைத்தான். பெட்டிக்கு நான்கு கற்கள் இருக்கும். பெட்டியின் பக்கவாட்டில் 1.44 சதுர மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். ஆனால் விலை பேசுவது சதுர அடியில். இரண்டும் இரண்டும் நான்கு, நான்கு கற்கள், ஆகவே பெட்டிக்கு 16 சதுர அடி என்பது வாய்க்கணக்கு. அச்சிட்ட எண்ணை 10.764 ஆல் பெருக்கிப் பார்த்தால் வருவது 15.5 சதுர அடி. ஆயிரம் சதுர அடித் தரைக்கு வாய்க்கணக்கின்படி 63 பெட்டிகள் போதும். உண்மையில், வெட்டிலும் உடைசலிலும் போவதைச் சேர்க்காமலேயே, 65 பெட்டிகள் வேண்டும். குறைந்த இரண்டு பெட்டிகளை வாங்கத் திரும்பிப் போகும்போது அதே நிறம் கிடைக்காமல் போகலாம் என்பதும், ஒவ்வொரு பெட்டிக்கும் அரைச் சதுர அடிக்கான பணத்தைக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம் என்பதும் அப்போதுதான் உறைக்கும்.

இந்த நகரத்தில் நாங்கள் வீடு கட்டியபோது கணக்கு எழுதும் பொறுப்பு என்னுடையது. கல்லும் கம்பியும் மணலும் வந்து இறங்கிய ஒவ்வொரு நாளும், ஒரு பொருளை ஓர் அலகில் பேசி, இன்னோர் அலகில் வாங்கி, மூன்றாவது அலகில் பொருத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடி, அங்குலம் வேண்டாம், எல்லாவற்றையும் மீட்டருக்கு மாற்றிவிட வேண்டும் என்று சொல்ல இதை எழுதவில்லை. இரண்டு அளவு முறைகளும் இங்கே அருகருகே இருக்கின்றன. அவை இன்னும் பல தலைமுறைகள் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில் நாம் காட்டும் அலட்சியத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் ஏற்படும் நட்டம் பெரும்பாலும் டேப்பைக் கையில் பிடிக்காதவருடைய தலையில்தான் விழுகிறது.

அலட்சியத்தின் வேர் மிகச் சிறியது. ஓர் அடி என்பது 30.48 சென்டிமீட்டர். நாம் அதை 30 என்று எடுத்துக்கொள்கிறோம். பள்ளிக்கூடத்து ஸ்கேலின் ஒரு விளிம்பில் சென்டிமீட்டரும் மறு விளிம்பில் அங்குலமும் இருப்பதால், 30 சென்டிமீட்டர் ஸ்கேலை ‘ஓர் அடி ஸ்கேல்’ என்று அழைத்தே வளர்ந்திருக்கிறோம். அந்த 30 முடியும் கோட்டுக்கு எதிரே பார்த்தால் 12 அங்குலம் இன்னும் நிறைந்திருக்காது, ஏறத்தாழ 11.8 தான் ஆகியிருக்கும். விட்டுப்போனது 4.8 மி.மீ. நீளத்தில் இது 1.6 விழுக்காடு. பரப்புக்கு நீளத்தையும் அகலத்தையும் பெருக்கும்போது 3.1 விழுக்காடாகிறது. ஆழத்தையும் சேர்த்துக் கொள்ளளவு காணும்போது 4.7 விழுக்காட்டை நெருங்குகிறது. டைல்ஸ் பெட்டியில் காணாமல் போன அரைச் சதுர அடி இதே 3.1 விழுக்காடுதான்.

இதே விழுக்காடு மனைகளிலும் இருக்கிறது. பெங்களூருவில் ‘தர்ட்டி ஃபார்ட்டி’ என்று சொன்னால் மேற்கொண்டு எதுவும் விளக்க வேண்டியதில்லை. 30 அடிக்கு 40 அடி, 1,200 சதுர அடி மனை என்று ஆட்டோ ஓட்டுநருக்கும் தெரியும். வீட்டின் பரப்பையும் ‘பன்னிரண்டு சதுரம்’ என்று நூறு நூறு சதுர அடிகளாகவே எண்ணுவார்கள். பழைய லேஅவுட்டுகள் பலவற்றில் மனைகளை அடியிலேயே அளந்து பிரித்தார்கள். ஆனால் நாடபிரபு கெம்பேகவுடா லேஅவுட் போன்ற புதியவற்றில் பெங்களூரு வளர்ச்சி ஆணையம் மனைகளை மீட்டரில் பிரித்து, மீட்டரிலேயே அறிவித்திருக்கிறது: 6க்கு 9, 9க்கு 12, 12க்கு 18, 15க்கு 24. ஆவணத்தில் ஒளிவுமறைவு இல்லை. 9க்கு 12 மீட்டர் மனையைக் கைமாற்றும்போதுதான் பேச்சில் அது ‘தர்ட்டி ஃபார்ட்டி’ ஆகிவிடுகிறது. 108 சதுர மீட்டர் என்பது 1,162.5 சதுர அடி. சதுர அடி எட்டாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இல்லாத 37.5 சதுர அடியின் விலை மூன்று லட்சம் ரூபாய். 12க்கு 18 மீட்டர் மனையை 2,400 சதுர அடி என்று பேசினால் குறைவது 75 சதுர அடி. வாங்குகிறவர் கதவெண்ணையும் சர்வே எண்ணையும் மூன்று தடவை சரிபார்க்கிறார். வில்லங்கச் சான்றிதழில் ஒவ்வொரு பெயரையும் விரல் வைத்துப் படிக்கிறார். பரப்பை மட்டும் காதால் கேட்டதோடு விட்டுவிடுகிறார்.

அடுக்குமாடி வீடுகளிலும் இதே நிலை. விளம்பரப் பலகையும் விற்பனையாளரும் சதுர அடியில் பேசுகிறார்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016இல் வந்த பிறகு பதிவு செய்யும் தாள்களில் கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் பயன்படும் தரைப்பரப்பு, சதுர மீட்டரில் நிற்கிறது. இங்கே படிக்கட்டு, பொதுவழி போன்றவற்றின் பங்கையும் பரப்பில் சேர்க்கும் சூப்பர் பில்ட்அப் என்னும் வேறொரு பெரிய வேறுபாடும் கலந்திருப்பதால், அலகு மாறுவதால் வரும் சிறிய வேறுபாடு கண்ணுக்கே தெரிவதில்லை.

எடையில் இந்தக் குழப்பம் ஏன் இல்லை என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. 1956ஆம் ஆண்டின் எடைகள், அளவுகள் சட்டத்தைத் தொடர்ந்து 1958 அக்டோபர் முதல் தேதி முதல் கிலோகிராம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்திருந்தது. என் பாட்டி வீசையிலும் பலத்திலும் புளி வாங்கியவர். பெங்களூருவில் வாழ்ந்த அவருடைய தங்கை சேரிலும் பாவிலும் பருப்பு வாங்கியவர். அடுத்த தலைமுறையிலேயே இருவருடைய பிள்ளைகளும் கிலோவில் வாங்கப் பழகிவிட்டார்கள். எடைக்கல்லை அரசு முத்திரையிட்டுத்தான் கடையில் வைக்க முடியும். ஆய்வாளர் வந்து பார்ப்பார். பழைய கல்லை வைத்திருந்தால் பறிமுதல் செய்வார். கல் மாறியதும் பேச்சும் மாறியது. டேப்புக்கு அப்படி ஒன்றும் நேரவில்லை. அதன் ஒரு விளிம்பில் அங்குலமும் மறு விளிம்பில் சென்டிமீட்டரும் இன்றுவரை இருக்கின்றன. அதோடு, ஒரு கிலோ பருப்பு வீட்டில் ஒரு மாதம்கூட நிற்காது; ஏழு அடிக் கதவு எழுபது வருடம் நிற்கும். அதன் தாழ்ப்பாளையோ சட்டத்தையோ மாற்றும்போது புதிய துண்டு பழைய அளவுக்குத்தானே பொருந்த வேண்டும்? கட்டடமும் குழாயும் மரமும் அடியை விடாமல் இருப்பதற்கு அறியாமை காரணம் அல்ல. ஏற்கெனவே நிற்கும் சுவர்களோடு ஒத்துப்போக வேண்டிய தேவைதான் காரணம்.

எங்கள் மேஸ்திரி திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். பெங்களூருவில் கட்டட வேலை செய்யும் தமிழர்களில் அந்த மாவட்டத்தவர் ஏராளம். தச்சர்கள் ராஜஸ்தானிலிருந்து வந்தவர்கள். இரு தரப்புக்கும் பொதுவான பேச்சுமொழி அரைகுறைக் கன்னடம்; ஆனால் அளவில் ஒரு குழப்பமும் வராது. மேஸ்திரி அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் நூல் என்பார். அவர்கள் அதையே சூத் என்பார்கள். அங்குலத்தைப் பாதியாக்கி, அதைப் பாதியாக்கி, மறுபடியும் பாதியாக்கினால் நூல் வந்துவிடுகிறது. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று நம் பழைய வாய்பாடும் இப்படிப் பாதி பாதியாகத்தான் இறங்கியது. நூலை மடித்தால் பாதி கிடைக்கிறது. கயிற்றையும் காகிதத்தையும் அப்படியே மடிக்கலாம். ஆனால் எதையும் பத்தாக மடிக்க முடியாது. கையால் வேலை செய்கிறவர்கள் அங்குலத்தை விடாமல் வைத்திருப்பதில் இந்த வசதிக்கும் பங்கு உண்டு என்பதை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

அவர்கள் வேலை நுணுக்கமானது என்பதற்கு ஒட்டுப்பலகை ஒன்றே சான்று. எட்டுக்கு நான்கு பலகை என்பது 2,440க்கு 1,220 மி.மீ. நான்கு அடி அகலத்தை அறுத்து இரண்டு அடி ஆழமுள்ள இரண்டு தட்டுகள் எடுக்கலாம் என்று காகிதத்தில் தோன்றும். வாள் போகும் பாதையிலேயே மூன்று, நான்கு மி.மீ. தூளாகப் போய்விடும் என்பதால் இரண்டாவது தட்டு குறைந்துவிடும். ஆகவே தச்சர் தொடக்கத்திலேயே ஒவ்வொரு தட்டிலும் இரண்டு நூல் குறைத்துக் கோடு போடுகிறார். அதே பலகையின் தடிமனை மட்டும் அவர் 18 மி.மீ., 12 மி.மீ. என்றே கேட்கிறார். நீள அகலம் அடியில், தடிமன் மி.மீட்டரில். துளையிடும் பிட் மி.மீட்டரில், திருகாணி அங்குலத்தில். ஒரே மனிதர் ஒரே மணி நேரத்துக்குள் இரண்டு முறைகளுக்கும் நடுவில் பலமுறை போய் வருகிறார். தவறு நேர்வதில்லை, ஏனென்றால் எந்த எண் எந்த முறையைச் சேர்ந்தது என்பது அவருக்குத் தெரியும்.

அது தெரியாதவர் கைக்கு எண் போகும்போதுதான் கெடுகிறது. எங்கள் படுக்கையறைச் சுவர்களுக்கு நடுவில் அலமாரிக்காக விட்ட இடம் 5 அடி 6 அங்குலம். அளவெடுக்க ஓர் உள்ளலங்கார நிறுவனத்திலிருந்து வந்தவர் தம் குறிப்பேட்டில் 5.6 என்று எழுதிக்கொண்டார். பலகைகளை மி.மீட்டரில் வெட்டும் தொழிற்கூடத்தில் அதை 5.6 அடி என்று படித்து, 304.8 ஆல் பெருக்கி, 1,707 மி.மீ. என்று எடுத்துக்கொண்டார்கள். 5 அடி 6 அங்குலம் என்பது 1,676 மி.மீ. அலமாரி 31 மி.மீ. பெரிதாக வந்து நின்றது; சுவருக்குள் நுழையவில்லை. “பூச்சை ஒரு இன்ச் சுரண்டிக் குடுங்க” என்று வந்தவர்கள் கேட்டார்கள். “அவங்க கூட்டி வெட்டுனதுக்கு நம்ம செவுத்தை ஏம்மா கொத்தணும்? எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க” என்று மேஸ்திரி சொன்னது சரி என்று பட்டதால் திருப்பி அனுப்பினோம். பெருக்கலில் பிழை இல்லை. அந்தப் புள்ளி தசமப் புள்ளியே அல்ல என்பதைச் சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் பிழை.

இந்தப் பொய்ப் புள்ளி நம்மைச் சுற்றி எங்கும் இருக்கிறது. உயரத்தை 5.10 என்று எழுதுகிறோம். அது 5 அடி 10 அங்குலம், ஏறத்தாழ 178 சென்டிமீட்டர். தசமமாகப் படித்தால் 155 சென்டிமீட்டர் ஆகிவிடும். வளையல் கடையில் 2.4, 2.6, 2.8, 2.10 என்று அளவு சொல்கிறார்கள். 2.10 என்பது 2.8ஐவிடப் பெரியது, தசமமாக இருந்தால் அது 2.4ஐவிடவும் சிறியதாக அல்லவா இருக்க வேண்டும்? புள்ளிக்குப் பின்னால் இருப்பது அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குக் கணக்கு. 2.4 என்றால் இரண்டும் பதினாறில் நான்கும், அதாவது இரண்டேகால் அங்குல உள்விட்டம், 57.2 மி.மீ. 2.8 என்றால் இரண்டரை அங்குலம், 63.5 மி.மீ. 2.10 என்றால் 66.7 மி.மீ. ஓர் அளவிலிருந்து அடுத்த அளவுக்கு ஏறுவது அங்குலத்தில் எட்டில் ஒன்று. தச்சர் சொல்லும் அதே ஒரு நூல். வெளிநாட்டில் இருக்கும் பெண்ணுக்கு இணையத்தில் வளையல் வாங்கி அனுப்புகிறவர்கள் தயவுசெய்து மி.மீட்டரில் கேளுங்கள்.

வளையல் பொருந்தாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். நிலத்தில் அப்படி முடியாது. கர்நாடகத்தின் பஹணி என்னும் நிலப் பதிவேட்டில் நிலம் ஏக்கர், குண்டையில் இருக்கிறது; 40 குண்டை ஓர் ஏக்கர், ஒரு குண்டை 1,089 சதுர அடி. இரண்டு ஏக்கர் இருபது குண்டையை 2.20 என்று எழுதுவது வழக்கம். அது இரண்டரை ஏக்கர். கணினிக் கட்டத்தில் தசமமாக விழுந்தால் 2.2 ஏக்கர் ஆகிவிடும். குறைவது 12 குண்டை, பதின்மூன்றாயிரம் சதுர அடிக்கும் மேல். அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூர் எல்லைக்குள் நுழைந்தால், தமிழ்நாட்டுப் பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கின்றன. ஒரு ஹெக்டேர் 100 ஏர், ஓர் ஏர் 100 சதுர மீட்டர் என்பதால் அங்கே புள்ளி உண்மையான புள்ளி. ஆனால் வாயில் வருவது சென்ட். கிரயப் பத்திரத்திலும் சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சென்னைக்காரர்களிடம் பேசினால் 2,400 சதுர அடி கொண்ட கிரவுண்ட். தஞ்சாவூர்ப் பக்கத்து உறவினரிடம் பேசினால் குழியும் மாவும் வேலியும். ஒரே குடும்பத்தில் பாகப்பிரிவினைப் பேச்சு இத்தனை அலகுகளிலும் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். சண்டைக்குக் காரணம் மண்ணாசை என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் பாதி நேரம் ஆளுக்கொரு அலகில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மீட்டர் முறையின் உண்மையான வலிமை தண்ணீரில் தெரிகிறது. பெங்களூருவில் தண்ணீர்தானே எல்லாவற்றுக்கும் முந்திய கவலை. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கினால் கன மீட்டர். ஒரு கன மீட்டர் ஆயிரம் லிட்டர். இரண்டு மீட்டர், இரண்டரை மீட்டர், இரண்டு மீட்டர் என்று குழி எடுத்தால் பத்தாயிரம் லிட்டர் என்பதைச் சிறு பிள்ளையும் மனக்கணக்காகச் சொல்லும். ஆனால் சம்ப் என்னும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியை நாங்கள் அடியில்தான் தோண்டினோம். எட்டடிக்கு எட்டடி, ஆறடி ஆழம். 384 கன அடி. கன அடிக்கு 28.317 லிட்டர் என்று பெருக்கினால் 10,874 லிட்டர். அடியை 30 சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் 10,368 லிட்டர்தான் வரும். ஐந்நூறு லிட்டர் வேறுபாடு என்பது தண்ணீர் வராத நாளில் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் செலவு. மழையும் அப்படித்தான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். நூறு சதுர மீட்டர் மொட்டை மாடியில், மாலையில் 30 மி.மீ. மழை கொட்டினால், மூவாயிரம் லிட்டர் வந்திருக்கிறது. வழிந்ததையும் ஆவியானதையும் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். மழைநீர்த் தொட்டி அமைப்பதற்கு முன் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தொட்டியின் அளவு தானாகத் தெரியும். இதை அடியிலும் அங்குலத்திலும் போட முயன்று பார்த்தவர்களுக்கு நான் ஏன் இதை இவ்வளவு வியந்து சொல்கிறேன் என்பது புரியும். ஆனால் ஆழ்துளைக் கிணற்றுக்காரர்களிடம் மட்டும் இது செல்லாது. அவர்களுக்கு ஆழம் அடி, குழாய் அங்குலம், ஊறும் தண்ணீரும் ‘இரண்டு இன்ச்’.

காய்ச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே பிழை எதிர்த் திசையில் நடந்திருக்கிறது. பருவநிலையைச் செல்சியஸில் பேசும் நாம் உடம்புச் சூட்டை ஃபாரன்ஹீட்டில்தான் கேட்கிறோம். 98.6 என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிஷ் 1868இல் வெளியிட்ட நூலில் உடலின் இயல்பான வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் என்று முழு எண்ணாகச் சொன்னார். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது 98.6 வந்தது. அந்தக் கடைசி 6 பெருக்கலில் வந்தது. அத்தனை நுணுக்கமாக அளந்ததால் வந்தது அல்ல. வேளைக்கு வேளை, ஆளுக்கு ஆள் உடல் வெப்பம் சற்று மாறும் என்பதை மறந்து, 99 காட்டினாலே குழந்தைக்கு மருந்து ஊற்றும் பழக்கம் வீடுகளில் இருக்கிறது. காய்ச்சல் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளும் எல்லை 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட். குழந்தையின் எடையைக் கிலோவில் பார்த்துத்தான் மருத்துவர் பாராசிட்டமால் அளவை மில்லி லிட்டரில் எழுதுகிறார். அந்தச் சீட்டில் வெப்பம் மட்டும் ஃபாரன்ஹீட்டில் இருக்கும். டிஜிட்டல் தெர்மாமீட்டர்கள் பலவற்றில் அலகை மாற்றும் வசதி உண்டு. வீட்டில் எது பழக்கமோ அதில் நிறுத்தி, பாட்டி, அம்மா, பணிப்பெண் என்று குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் அதை ஒரு தடவை சொல்லிவைப்பது நல்லது.

நேர்மையாக அலகு மாற்றுவது எப்படி என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டுகளும் நம் நாட்டிலேயே இருக்கின்றன. இந்திய ரயில்வேயின் அகலப்பாதை ஆங்கிலேயர் காலத்தில் 5 அடி 6 அங்குலமாகப் போடப்பட்டது. இன்று அதை 1,676 மி.மீ. என்று எழுதுகிறார்கள், சௌகரியத்துக்காக 1,650 என்றோ 1,700 என்றோ ஆக்கவில்லை, ஆக்கவும் முடியாது. (எங்கள் அலமாரிக்கு விட்ட இடமும் சரியாக இதே அகலம்தான் என்பதைக் கணக்குப் போடும்போது கவனித்தேன்.) நம்ம மெட்ரோ ஓடும் பாதை 1,435 மி.மீ.; 4 அடி எட்டரை அங்குலம் என்னும் பழைய ஆங்கிலேய அளவை மி.மீட்டரில் எழுதியது. தங்கத்திலும் இதே கவனம் இருக்கிறது. பவுன் என்று பேசினாலும், வடக்கே தோலா என்று பேசினாலும், ரசீதில் கிராம் மூன்று தசம இடங்கள் வரை அச்சாகிறது. நாமும் ஒவ்வொரு இலக்கத்தையும் படித்துப் பார்க்கிறோம். தோலாவின் பழைய எடை 11.66 கிராம், இன்று பல கடைகளில் 10 கிராமைத் தோலா என்று சொல்கிறார்கள். ஆனாலும் பணம் கொடுப்பது கிராமுக்கு என்பதால் யாருக்கும் நட்டமில்லை. தொலைக்காட்சிப் பெட்டியைப் பாருங்கள்: நாம் 43 இன்ச் என்கிறோம், பெட்டியில் 108 செ.மீ. என்று போட்டிருக்கிறது. 108ஐ 2.54 ஆல் வகுத்தால் 42.5 தான் வரும். 2011இல் நடைமுறைக்கு வந்த சட்டமுறை எடையளவுச் சட்டம் பொருள்களை மெட்ரிக் அலகில் அறிவிக்கச் சொல்வதால், உண்மையான எண் பெட்டியின் மேலேயே கிடைக்கிறது. படிப்பதுதான் நம் வேலை.

அலகு மாற்றும்போது தோராயமாகத்தான் வரும் என்று சிலர் சொல்வது சரியல்ல. 1959இல் அமெரிக்காவும் பிரிட்டனும் வேறு சில நாடுகளும் சேர்ந்து அங்குலத்தை மீட்டரைக் கொண்டே வரையறுத்துவிட்டன: ஓர் அங்குலம் 25.4 மி.மீ., அதற்குப் பின்னால் வேறு இலக்கம் எதுவும் இல்லை. ஆகவே அடியிலிருந்து மி.மீட்டருக்குப் போகும் வழியில் எதையும் இழக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆறாம் வகுப்பில் மைலையும் கிலோமீட்டரையும் ஒரு முறை மாற்றிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும் பள்ளிக் கணக்கில், ஒரு டைல்ஸ் பெட்டியையும் ஒரு மனைப் பத்திரத்தையும் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். சதுர அலகுக்குக் காரணியையும் சதுரமாக்க வேண்டும் என்பது பட்டதாரிகளுக்கே மறந்துபோகிறது. மீட்டரை அடியாக்க 3.28 ஆல் பெருக்குவது தெரிகிறது, சதுர மீட்டரைச் சதுர அடியாக்கவும் அதையே பயன்படுத்திவிட்டு விடை ஏன் உதைக்கிறது என்று திகைக்கிறார்கள்.

இப்போது ஓசூரில் என் தங்கையின் வீட்டு வேலை தொடங்கப் போகிறது. கிரயப் பத்திரத்தில் 6 சென்ட், பட்டாவில் 2.43 ஏர். இரண்டையும் சதுர மீட்டராக்கிப் பார்த்தோம், முன்னது 242.8, பின்னது 243. ஒத்துப்போகின்றன. தரகர் ‘நாற்பதுக்கு அறுபத்தைந்து’ என்று சொல்லி விற்ற மனை அது. தங்கையின் கணவர் நில அளவையாளரை அழைத்து வந்து மீட்டரில் அளக்கச் சொன்னார், 12.20க்கு 19.90 வந்தது. வரைபடம் போடும் பொறியாளர் பெங்களூருவில் மி.மீட்டரில் வேலை செய்கிறவர். கட்டப் போவது எங்கள் பழைய மேஸ்திரி, அவர் அடியில் வேலை செய்கிறவர். ஆகவே ஒவ்வொரு அளவையும் இரண்டு வரிகளில் எழுதச் சொல்லியிருக்கிறேன்: மேலே 12,200 மி.மீ., அதற்குக் கீழே 40 அடி இரண்டரை நூல். மேலே 19,900 மி.மீ., அதற்குக் கீழே 65 அடி மூன்றரை அங்குலம். புள்ளி வைத்து அடியை எழுதக் கூடாது என்பதை வரைபடத்தின் முதல் குறிப்பாகப் போட்டிருக்கிறோம்.